கிங்ஃபிஷுக்கு ஈடுகொடுக்கும் தூண்டில், கையைக் கடிக்காத செலவில்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: சிறு மீன்களைத் தூண்டிலில் பிடித்துப் பழகியவன் நான். நண்பரின் படகில் சென்றபோது என் இரையைக் கிங்ஃபிஷ் ஒன்று எடுத்தது. அரை நிமிடத்திற்குள் தூண்டில் நரம்பு அறுந்துபோயிற்று. மறுபடி மாட்டிய மீன் முள்ளையே நிமிர்த்திவிட்டுத் தப்பியது. பெருந்தொகை செலவழிக்க எனக்கு வசதியில்லை. எதற்குப் பணம் கொடுக்க வேண்டும், எதில் மிச்சம் பிடிக்கலாம்?

பதில்: முதலில் எந்த மீனைச் சொல்கிறீர்கள் என்பதைத் தெளிவாக்கிக்கொள்வோம், ஏனென்றால் கிங்ஃபிஷ் என்ற ஒரே பெயரில் இரண்டு வேறு மீன்கள் வழங்குகின்றன. ஒன்று நாம் வஞ்சிரம், நெய்மீன் என்று அழைக்கும் மீன். மற்றொன்று பாரை மீன்களின் குடும்பத்தைச் சேர்ந்த, மஞ்சள் வால் கொண்ட செரியோலா லலாண்டி. ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாப்பிரிக்கா, ஜப்பான், சிலி ஆகிய நாடுகளை ஒட்டிய மிதவெப்பக் கடல்களில் இது வாழ்கிறது. அரை நிமிடத்தில் அறுந்தது என்றும் முள் நிமிர்ந்தது என்றும் நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் உங்களுக்கு மாட்டியது இந்த மஞ்சள் வால் மீன்தான் என்று கருதுகிறேன். வஞ்சிரமாக இருந்திருந்தால் பெரும்பாலும் நரம்பு பல்லால் வெட்டுப்பட்டு, கத்தியால் நறுக்கியதுபோல் திரும்பி வந்திருக்கும். வஞ்சிரத்தைப் பற்றி இன்னொரு வாசகரும் கேட்டிருப்பதால் அதைப் பின்னால் பார்க்கலாம்.

மஞ்சள் வால் கிங்ஃபிஷ் ஒன்றரை மீட்டருக்கு மேலும் வளரக்கூடியது. சர்வதேச விளையாட்டு மீன்பிடிச் சங்கத்தின் பதிவில் உள்ள மிகப் பெரிய மீன்கள் இரண்டும் 52 கிலோ எடை கொண்டவை. அவை 1984இலும் 1987இலும் நியூசிலாந்தில் பிடிபட்டன. அந்த அளவு மீன் எல்லோருக்கும் வாய்ப்பதில்லை என்றாலும், 10 கிலோ மீனே பழக்கமில்லாதவரைத் திணறடித்துவிடும். எடையைவிட அதன் குணம்தான் அதற்குக் காரணம். இந்த மீன் கடலடிப் பார்களையும் பாறை முகடுகளையும் மிதவைகளையும் துறைமுகத் தூண்களையும் ஒட்டியே திரியும். முள் தைத்த கணத்திலேயே, தான் நன்கறிந்த அந்தப் பாறையை நோக்கித் தலைகீழாகப் பாயும். திறந்த நீரில் எவ்வளவு தூரம் ஓடினாலும் நூலை விட்டுக்கொடுத்துக் களைக்கவைக்கலாம், பாறைக்குள் புகுந்துவிட்டால் நூல் தேய்ந்து அறும். ஆகவே இந்த மீனுக்கான தூண்டில் வேறு ஒன்றும் செய்யாவிட்டாலும், முதல் இருபது விநாடிகள் மீனைப் பாறையிலிருந்து விலக்கி நிறுத்த வேண்டும். இந்த ஒரு வேலைக்கு எது உதவுகிறதோ அதற்கே பணத்தைச் செலவிட வேண்டும்.

அந்த வேலையைச் செய்வது, நூலைச் சுற்றி வைக்கும் ரீலில் உள்ள டிராக், அதாவது நூல் வெளியே ஓடுவதைத் தடுத்துப் பிடிக்கும் உராய்வுத் தகடுகள். கையில் பத்துப் பங்கு பணம் இருக்கிறது என்று வைத்துக்கொண்டால், ஐந்து பங்கை ரீலுக்கும், இரண்டு பங்கைக் கழிக்கும், இரண்டு பங்கை நூலுக்கும் அதன் முனையில் கட்டும் தடித்த லீடர் நரம்புக்கும், எஞ்சிய ஒன்றை முள், சுவிவல் (நூல் முறுக்கிக்கொள்ளாமல் சுழலும் இணைப்பு), இணைப்பு வளையம் போன்ற சில்லறைப் பொருள்களுக்கும் ஒதுக்குவேன். புதிதாக வருபவர்கள் பலர் அழகான கழிக்குப் பாதிப் பணத்தைக் கொடுத்துவிட்டு, எஞ்சியதில் ரீலையும் நூலையும் வாங்கிக்கொள்கிறார்கள். அது தலைகீழான கணக்கு.

டிராக் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். பெட்டியின் மேல் 20 கிலோ, 25 கிலோ என்று அச்சிட்டிருப்பதை அப்படியே நம்ப வேண்டாம். திருகை முழுவதும் இறுக்கி, அசையாமல் வைத்து அளந்த உச்ச அளவாகவே அது பெரும்பாலும் இருக்கும். நமக்கு வேண்டியது 8 முதல் 10 கிலோ வரையிலான தடை. ஆனால் அந்தத் தடை நூல் ஓடத் தொடங்கும் நொடியில் திடுக்கிடாமலும், ஓட ஓட மாறாமலும் இருக்க வேண்டும். 8 கிலோ தடைக்கு எதிராக விநாடிக்கு 5 மீட்டர் வேகத்தில் நூல் ஓடினால் ஏறத்தாழ 400 வாட் வெப்பம் அந்தச் சிறு தகடுகளுக்கிடையே பிறக்கிறது என்று கணக்கிட்டுப் பாருங்கள். மலிவான ரீல்களில் இருக்கும் கம்பளி போன்ற மென்தகடுகள் இந்த வெப்பத்தில் வழுக்கும், பிறகு பிடிக்கும், மீண்டும் வழுக்கும். அப்படிப் பிடிக்கும் நொடியில்தான் நூல் அறுகிறது. கார்பன் இழைத் தகடுகள் கொண்ட ரீல் இந்த வெப்பத்தைத் தாங்கும். வாங்கும்போது பேரிங் எத்தனை என்று கேட்பதை விட்டுவிட்டு, டிராக் தகடு எதனால் ஆனது, உடற்கூடு உலோகமா என்று கேளுங்கள். உடற்கூடு வளைந்துகொடுக்கும் பொருளால் ஆனதாக இருந்தால், கனமான இழுப்பில் கியர் பற்கள் ஒன்றோடொன்று சரியாகப் பொருந்தாமல் அரைபடும், பத்துப் பேரிங் இருந்தும் பயனிருக்காது.

எந்த வகை ரீல் என்பது நீங்கள் மீன் பிடிக்கும் முறையைப் பொறுத்தது. உயிர் இரையைக் கீழே இறக்கியோ படகில் இழுத்துச் சென்றோ பிடிப்பவர் என்றால், கழியின் மேற்புறம் அமரும் உருளை ரீலையே வாங்குங்கள். அதில் நூல் நேராக உருளையில் சுற்றிக்கொள்கிறது. கழியின் கீழ்ப்புறம் தொங்கும் ஸ்பின்னிங் ரீலில் உள்ளதுபோல் ஒரு சிறு உருளியின் மேல் செங்கோணமாகத் திரும்பி வர வேண்டியதில்லை. அமைப்பு எளிமையாக இருப்பதால் அதே விலைக்கு அதிக வலுவும் நல்ல டிராக்கும் கிடைக்கின்றன. பாப்பர் போன்ற செயற்கை இரைகளை வீசிப் பிடிக்க விரும்புகிறவருக்கு மட்டுமே பெரிய ஸ்பின்னிங் ரீல் தவிர்க்க முடியாதது. பொதுவாக 8000 முதல் 14000 வரை எண்ணிட்ட அளவுகள் அதற்குப் பொருத்தமானவை. அங்கே மலிவானதை வாங்கி ஏமாறுவதைவிட, வீசும் ஆசையை ஓராண்டு ஒத்திவைத்து, நல்ல உருளை ரீல் ஒன்றை இப்போது வாங்குவது நல்லது என்பது என் உறுதியான கருத்து.

கழியில் தாராளமாக மிச்சம் பிடிக்கலாம். கண்ணாடி இழைக் கழி, கார்பன் கழியைவிடக் கனமானது, மந்தமானது. ஆனால் விலை குறைவு, அடிபட்டாலும் அதிகம் வளைந்தாலும் சட்டென்று முறியாது. நீளம் 1.7 முதல் 2 மீட்டருக்குள் இருப்பது படகுக்குப் போதும். நீளமான கழி மீனுக்கே நெம்புகோலாகிவிடுகிறது. கழியின் அடி உங்கள் இடுப்பில் ஊன்றியிருக்க, அங்கிருந்து அரை மீட்டர் தள்ளி உங்கள் கை பிடித்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 8 கிலோ இழுக்கும் மீனின் விசை இடுப்பிலிருந்து கிடைமட்டமாக 1 மீட்டர் தொலைவில் விழுந்தால், கை 16 கிலோவைத் தாங்க வேண்டும். அதே விசை ஒன்றரை மீட்டர் தொலைவில் விழுந்தால் 24 கிலோவைத் தாங்க வேண்டும். மீனின் பலம் மாறவில்லை, கழி நீண்டதற்காக உங்கள் முதுகு கூடுதல் விலை கொடுக்கிறது. கழியில் நீங்கள் கூர்ந்து பார்க்க வேண்டியது நூல் ஓடும் வளையங்களை மட்டும்தான். உட்புறம் ஒரு துளி பஞ்சைத் தேய்த்துப் பாருங்கள். பஞ்சிழை சிக்கினால் அங்கே கீறலோ வெடிப்போ இருக்கிறது, அது உங்கள் நூலையும் அறுக்கும்.

கேள்வி: பின்னல் நூலா, நைலான் நரம்பா? பின்னல் நூல் விலை மிக அதிகமாக இருக்கிறது. எவ்வளவு வலிமையுள்ளதை வாங்க வேண்டும்?

பதில்: பாறையோரத்தில் பிடிப்பதென்றால் பின்னல் நூலே ஏற்றது. நைலான் நரம்பு அறுவதற்கு முன் தன் நீளத்தில் ஐந்தில் ஒரு பங்கோ அதற்கு மேலோ நீளும். 50 மீட்டர் ஆழத்தில் முள் தைத்த மீன், நரம்பு இழுபட்டு இறுகும் அந்தச் சில விநாடிகளிலேயே பாறையை எட்டிவிடும். பாலிஎத்திலீன் இழைகளால் பின்னிய நூல் மிகக் குறைவாகவே நீளும் என்பதால், ரீலின் தடை உடனே மீனைச் சென்றடைகிறது. அதே வலிமையில் நைலானைவிட மிக மெல்லியதாகவும் இருப்பதால் சிறிய ரீலிலும் போதிய நூல் கொள்ளும், அதனால் ரீலின் விலையும் குறையும். நூலுக்குக் கொடுக்கும் கூடுதல் பணத்தில் ஒரு பகுதி இப்படித் திரும்பி வந்துவிடுகிறது.

வலிமையைப் பொறுத்தவரை, நடுத்தர மீன்களுக்கு 50 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 23 கிலோ தாங்கும் நூல் போதும். பெரிய மீன்கள் திரியும் பார்களுக்குச் செல்பவர் 80 பவுண்டு, அதாவது 36 கிலோ நூலை எடுத்துக்கொள்ளலாம். அதற்கு மேல் போவதால் பயனில்லை. நின்றுகொண்டு, உடலில் பட்டை எதுவும் கட்டாமல் மீன் பிடிக்கும் ஒருவர் 8 அல்லது 10 கிலோ தடையைத் தாங்குவதே கடினம் என்னும்போது, 100 பவுண்டு நூலின் வலிமையை அவர் ஒருபோதும் பயன்படுத்தப் போவதில்லை.

செலவைக் குறைக்க எளிய வழி ஒன்று உண்டு. ரீலின் அடியில் பாதிக் கொள்ளளவு வரை மலிவான நைலான் நரம்பைச் சுற்றி, அதன் மேல் 200 அல்லது 300 மீட்டர் பின்னல் நூலைச் சுற்றுங்கள். வழுவழுப்பான பின்னல் நூல் வெற்று உருளையின் மேல் மொத்தமாக வழுக்கிச் சுழலும் தொல்லையும் இதனால் நீங்கும். ஓராண்டு கழித்து நூலின் முன்பகுதி நைந்துபோனால், நூல் முழுவதையும் கழற்றித் தலைகீழாகச் சுற்றினால் உள்ளே புத்தம் புதிதாக இருந்த பகுதி வெளியே வரும். ஒரு முறை வாங்கிய நூல் இரண்டு முறை உழைக்கும்.

பின்னல் நூலுக்கு ஒரு பெரும் குறை உண்டு. இழுப்பில் இருக்கும்போது பாறையிலோ சிப்பியிலோ பட்ட மாத்திரத்தில் அறுந்துவிடும். ஆகவே அதன் முனையில் 3 அல்லது 4 மீட்டர் நீளத்திற்குத் தடித்த லீடர் நரம்பு அவசியம். 80 முதல் 120 பவுண்டு வரை தாங்கும் சாதாரண நைலான் நரம்பே இதற்குப் போதும். ஃபுளூரோகார்பன் நரம்பின் ஒளிவிலகல் எண் 1.42, தண்ணீரின் எண்ணாகிய 1.33க்கு அது நைலானைவிட நெருக்கமானது என்பதால் மீனின் கண்ணுக்கு அவ்வளவாகத் தெரியாது என்பார்கள். உராய்வையும் அது நன்றாகவே தாங்கும். ஆனால் விலை பல மடங்கு. கையில் பணம் குறைவாக இருக்கும்போது, விலையுயர்ந்த லீடரைச் சிக்கனம் கருதி நைந்த பின்னும் பயன்படுத்துவதைவிட, மலிவான லீடரை ஒவ்வொரு மீனுக்குப் பிறகும் விரலால் தடவிப் பார்த்து, சொரசொரப்பாக இருந்தால் தயங்காமல் வெட்டி எறிவது பல மடங்கு நல்லது.

கேள்வி: நான் நல்ல நூல்தான் வாங்கினேன். ஆனால் ஒவ்வொரு முறையும் பின்னல் நூலும் லீடரும் சேரும் இடத்திலேயே அறுகிறது. நூல் போலியா?

பதில்: நூல் போலியாக இருந்தால் எங்கே வேண்டுமானாலும் அறுந்திருக்கும். ஒரே இடத்தில் அறுவதால் குற்றம் முடிச்சில்தான் இருக்கிறது. பின்னல் நூல் வழுவழுப்பானது, லீடரோ தடித்தது, விறைப்பானது. இவ்விரண்டையும் சாதாரண முடிச்சால் இணைத்தால் ஒன்று வழுக்கிக் கழன்றுவிடும், அல்லது நூல் தன்னைத்தானே நறுக்கிக்கொள்ளும். நூலின் வலிமையில் பாதியைக்கூட ஒரு மோசமான முடிச்சு தின்றுவிடும். அப்படியானால் நீங்கள் 50 பவுண்டு நூலுக்குப் பணம் கொடுத்து 25 பவுண்டு நூலைப் பயன்படுத்துகிறீர்கள் என்று பொருள்.

எஃப்ஜி முடிச்சைக் கற்றுக்கொள்ளுங்கள். அதில் லீடர் நரம்பு மடிவதே இல்லை. பின்னல் நூல் அதன் மேல் இருபுறமும் மாறி மாறி, ஏறத்தாழ இருபது முறை குறுக்கே சுற்றிக்கொண்டு, இழுக்க இழுக்க அதை இறுகப் பற்றுகிறது. முடிச்சு மெல்லியதாக இருப்பதால் வளையங்களில் தட்டாமல் ஓடும். சுற்றி முடித்ததும் நனைத்து, இரு முனைகளையும் கையுறையணிந்த கைகளால் பலமாக இழுங்கள். பின்னல் நூலின் நிறம் சற்றுக் கருத்து, நரம்புக்குள் புதைந்ததுபோல் தோன்றும்வரை இறுக்க வேண்டும். பலரும் தவறுவது இந்த இறுக்குதலில்தான். வீட்டில், காற்றில்லாத அறையில், ஐம்பது முறை கட்டிப் பழகிய பிறகே ஆடும் படகில் அது கைக்கு வரும். காசு எதுவும் கேட்காமல் உங்கள் தூண்டிலின் வலிமையை இரட்டிப்பாக்கும் வேலை இது ஒன்றுதான் என்பதால், அந்த ஒரு மாலைப் பொழுதை இதற்காக ஒதுக்கிவிடுங்கள் என்று வேண்டிக் கேட்டுக்கொள்கிறேன்.

கேள்வி: முள், சுவிவல், வளையம் ஆகியவற்றில் மலிவானவற்றை வாங்கினால் என்ன? எப்படியும் தொலையும் பொருள்கள்தானே?

பதில்: எனக்கும் ஒரு காலத்தில் இந்த எண்ணம் இருந்தது. பல வாரம் காத்திருந்து கிடைத்த ஒரு நல்ல மீனைப் படகிலிருந்து பத்து மீட்டர் தொலைவு வரை கொண்டுவந்த பிறகு, எடை தாங்கும் அளவே அச்சிடப்படாத ஒரு சுவிவல் திறந்துகொண்டது. முள்ளும் அரை மீட்டர் நரம்பும் வாயில் தொங்க அந்த மீன் போனதை நினைத்தால் இன்றும் எனக்கு வருத்தமாகவே இருக்கிறது. இழப்பு எனக்கு மட்டும் நேர்ந்திருந்தால் மறந்திருப்பேன்.

சுவிவலும் வளையமும் லீடரின் வலிமைக்குக் குறையாதவையாக இருக்கட்டும். தாங்கும் எடை அச்சிடப்படாத எதையும் வாங்காதீர்கள். உயிர் இரைக்கு 6/0 முதல் 9/0 வரையிலான அளவில், தடித்த கம்பியில் செய்த வட்ட முள் ஏற்றது. மீன் இரையை விழுங்கித் திரும்பும்போது அது தானாகவே வாயின் ஓரத்தில் சென்று தைக்கும். கழியை வெடுக்கென்று தூக்கக் கூடாது, நூலைச் சீராகச் சுற்றினாலே போதும். தன் முள் நிமிர்ந்தது என்று எழுதிய முதல் வாசகர் மெல்லிய கம்பியில் செய்த, சிறு மீனுக்கான முள்ளைத்தான் பயன்படுத்தியிருக்க வேண்டும். செயற்கை இரைகளை மலிவாக வாங்குவதில் தவறில்லை. ஆனால் அவற்றோடு வரும் மும்முனை முட்களையும் வளையங்களையும் கழற்றிவிட்டு, வலுவான ஒற்றை முட்களை மாட்டிக்கொள்ளுங்கள். மலிவான இரையில் மீன் ஏமாறும், மலிவான முள்ளில் நாம் ஏமாறுவோம்.

கேள்வி: இதே தூண்டிலை வஞ்சிரத்திற்கும் பயன்படுத்த முடியுமா? இரண்டு தொகுதிகள் வாங்க வழியில்லை.

பதில்: தாராளமாக முடியும், இரண்டு மாற்றங்களைச் செய்துகொண்டால் போதும். மஞ்சள் வால் மீனின் வாயில் அரத்தைப் போன்ற நுண்பற்கள் மட்டுமே உண்டு. அவை நரம்பைத் தேய்க்கும், வெட்டமாட்டா. வஞ்சிரத்தின் பற்களோ கத்தியைப் போன்றவை, எவ்வளவு தடித்த நரம்பையும் ஒரே கடியில் நறுக்கும். ஆகவே முள்ளுக்கு மேலே 30 முதல் 50 சென்டிமீட்டர் நீளத்திற்கு ஒற்றை இழை எஃகுக் கம்பி வேண்டும். கம்பியை முறுக்கிக் கட்டும் முறையைக் கற்றுக்கொண்டால், ஒரு சுருள் கம்பி நெடுநாள் வரும். மிகத் தடித்த கம்பியைப் போட்டால் மீன் தயங்கும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

இரண்டாவது, டிராக்கைத் தளர்த்த வேண்டும். வஞ்சிரம் பாறைக்குள் ஒளியத் தேடுவதில்லை. நீரின் மேற்பரப்பை ஒட்டி, நெடுந்தூரம், மிக வேகமாக ஓடும். தென்னாப்பிரிக்காவில் 1982இல் பிடிபட்ட, கிட்டத்தட்ட 45 கிலோ எடையுள்ள மீன் வரை பதிவாகியிருக்கிறது என்றாலும், அதைப் பிடிக்க முரட்டு இழுப்பு தேவையில்லை. 4 அல்லது 5 கிலோ தடை வைத்து, ஓட விட்டு, நின்ற பிறகு சுற்றுங்கள். இறுக்கிப் பிடித்தால் முள் தைத்த இடம் கிழிந்து மீன் போய்விடும்.

கேள்வி: டிராக்கை எத்தனை கிலோவுக்கு வைத்திருக்கிறோம் என்பது எப்படித் தெரியும்? நான் கையால் இழுத்துப் பார்த்துத்தான் வைக்கிறேன்.

பதில்: கை சொல்வதை நம்ப முடியாது. சுருள்வில் தராசு ஒன்றை வாங்கிக்கொள்ளுங்கள். நூலின் வலிமையில் மூன்றில் ஒரு பங்கு என்பது பலரும் பின்பற்றும் அளவு. 24 கிலோ நூலுக்கு 8 கிலோ. கழியை ஒருவர் மீன் பிடிக்கும் கோணத்தில் பிடித்திருக்க, லீடரின் முனையைத் தராசில் கட்டி இன்னொருவர் இழுத்தபடி நடக்க வேண்டும். நூல் ஓடும்போது தராசின் முள் 8 கிலோவில் நிலையாக நின்றால் டிராக் நல்லது. தொடக்கத்தில் 11க்குத் தாவிவிட்டு 8க்கு இறங்கினால், அந்த 11தான் உங்கள் உண்மையான தடை என்று கொண்டு குறைத்து வையுங்கள். பின்னல் நூலை வெறுங்கையில் சுற்றி இழுக்காதீர்கள், விரலை அறுத்துவிடும்.

இங்கே பலர் அறியாத ஒன்றையும் சொல்ல வேண்டும். நூல் வெளியேற வெளியேற, ரீலில் எஞ்சியிருக்கும் சுற்றின் விட்டம் குறைகிறது. தகடுகளின் பிடி மாறாதிருக்க, விட்டம் குறைந்தால் நூலை உருவ அதிக விசை வேண்டும். 60 மில்லிமீட்டராக இருந்த விட்டம் 40 ஆகும்போது, நீங்கள் தொடாமலேயே 8 கிலோ தடை 12 கிலோவாகிவிடுகிறது. நீரில் நீண்டு கிடக்கும் நூலின் உராய்வும் இதனோடு சேரும். மீன் தொலைவில் இருக்கும்போது மேலும் இறுக்கி அறுத்துக்கொள்பவர்கள் இதைக் கவனிப்பதில்லை.

கேள்வி: பயன்படுத்திய ரீல் ஒன்று மலிவாக வருகிறது. வாங்கலாமா?

பதில்: வாங்கலாம். பழைய நல்ல ரீல், புதிய மட்டமான ரீலைவிட மேலானது. டிராக்கை முழுவதும் தளர்த்தி, உருளையைக் கையால் சுழற்றிப் பாருங்கள். பிறகு சிறிது சிறிதாக இறுக்குங்கள். தடை படிப்படியாகக் கூட வேண்டும். ஒன்றுமே இல்லாமலிருந்து திடீரென்று கவ்விக்கொண்டால், இறுக்கிய நிலையிலேயே மாதக்கணக்கில் வைத்திருந்து தகடுகள் நசுங்கிவிட்டன என்று தெரிந்துகொள்ளலாம். தகடுகள் தனியே கிடைக்குமானால் அது பெருங்குறையில்லை. கைப்பிடியைப் பின்னோக்கித் திருப்பினால் சற்றும் நழுவக் கூடாது. உருளியைக் கொண்ட ரீலானால் அந்த உருளி சுழல்கிறதா என்று விரலால் தள்ளிப் பாருங்கள். சுழலாத உருளி பின்னல் நூலைப் பாழாக்கும். திருகுகளின் தலையைச் சுற்றி வெண்பொடியோ பச்சைக் கறையோ தென்பட்டால் உப்பு உள்ளே இறங்கியிருக்கும், அதைத் திறந்து காட்டச் சொல்லாமல் வாங்க வேண்டாம்.

வாங்கிய பின் ஒவ்வொரு நாளும் கடலிலிருந்து திரும்பியதும் டிராக்கை இறுக்கிவிட்டு, மெல்லிய நன்னீர்த் தூவலில் கழுவித் துடைத்து, உலர்ந்ததும் மீண்டும் தளர்த்தி வையுங்கள். குழாயைப் பீய்ச்சியடித்தால் உப்பு வெளியேறுவதற்குப் பதில் உள்ளே போகும்.

கேள்வி: கழியும் ரீலும் இல்லாமல், கைத்தூண்டிலில் இந்த மீனைப் பிடிக்க முடியாதா?

பதில்: பிடிக்கிறவர்கள் இருக்கிறார்கள். 1 மில்லிமீட்டர் அளவுக்குத் தடித்த நைலான் நரம்பு, நல்ல முள், கனத்த கையுறை ஆகியவற்றுக்கு மேல் செலவில்லை. ஆனால் இந்த மீன் பாயும் வேகத்தில், காலடியில் கிடக்கும் நரம்பின் ஒரு சுற்று விரலிலோ கணுக்காலிலோ இறுகிவிட்டால் விபரீதமாகும். நரம்பைக் கூடையில் வளையம் வளையமாக இறக்கி வையுங்கள். கையில் ஒருபோதும் சுற்றிக்கொள்ளாதீர்கள். பின்னல் நூலைக் கைத்தூண்டிலுக்குப் பயன்படுத்தவே கூடாது. அனுபவமுள்ள ஒருவர் அருகில் இல்லாமல் இதை முயல வேண்டாம்.

கேள்வி: நல்ல தூண்டில் வாங்கிவிட்டேன், முடிச்சும் சரி. இருந்தும் மீன் பாறைக்குள் புகுந்துவிடுகிறது. இன்னும் கனமான தூண்டில் தேவையா?

பதில்: தூண்டிலை மாற்றுவதற்கு முன் நிற்கும் இடத்தை மாற்றிப் பாருங்கள். பாருக்கு நேர் மேலே படகை நிறுத்தி இரையை இறக்கினால் மீன் ஒரே பாய்ச்சலில் வீடு சேர்ந்துவிடும். பாரின் ஓரத்தில், ஆழமான பக்கத்தில் நின்று, இரையைச் சற்று மேலே நீந்தவிடுங்கள். முள் தைத்ததும் படகோட்டுபவர் ஆழத்தை நோக்கி மெல்லப் படகை நகர்த்தினால், உங்கள் கையால் முடியாததை எந்திரம் செய்துவிடும். அந்த முதல் விநாடிகளில் கழியை மிக உயரத் தூக்காமல், இடுப்பளவில் வைத்து இழுங்கள். உயரத் தூக்கினால் மெல்லிய நுனி மட்டுமே வளைந்து முறியக்கூடும். தாழ்வாக வைத்தால்தான் தடித்த அடிப்பகுதி வேலை செய்யும்.

இவ்வளவுக்குப் பிறகும் மீன் பாறையை எட்டிவிட்டால், இறுக்கி இழுக்காதீர்கள். நூல் எதிலும் உராயாமல் இருக்குமாறு தடையை முழுவதும் தளர்த்திவிட்டு இரண்டு மூன்று நிமிடம் பொறுத்திருங்கள். இழுப்பு நின்றதும் பல முறை மீன் தானாகவே பாறையைவிட்டு வெளியே நீந்தி வருவதைக் கண்டிருக்கிறேன். நூல் மெல்ல நகரத் தொடங்கி, அது பாறையிலிருந்து விலகும் திசைதான் என்று உறுதியானதும், தடையைப் பழைய அளவுக்குக் கொண்டுவந்து மீண்டும் தொடங்கலாம்.